பிடுங்கக் கூடாத பென் டிரைவ்

என் மாமனாரும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். ஒரே அறையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும், "பவானி, அவர்கிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "கேட்டுச்சுன்னு சொல்லும்மா" என்பார் இன்னொருவர். நடுவில் நிற்கிறவளுக்கும் கோபம் வரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

மாமனார் கோவிந்தசாமிக்குச் சிதம்பரத்தில், மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டி.டி.பி. கடை. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் அங்கேதான். டைப்ரைட்டரில் பழகிய கை. கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷுக்குக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. அப்பா கம்ப்யூட்டரில் அடிக்கிறார், பிள்ளை கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறார், என்ன பொருத்தமான குடும்பம் என்று வெளியாட்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

சண்டை வந்தது என் மாமியார் அமராவதி இறந்தபோது. ஊருக்கெல்லாம் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக் கொடுத்த மனிதர், தன் மனைவிக்கு அடிக்க உட்கார்ந்தார். பெயர் வர வேண்டிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று எழுந்தார். மறுநாளும் அதையே சொன்னார். கருமாதி நெருங்கியது, சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரர் கடலூரில் பெரிய பிளெக்ஸ் ஒன்று அடித்து வந்து வாசலில் கட்டிவிட்டார். காலையில் எழுந்து வந்த மாமனார், அத்தனை பேர் முன்னால் அதை இழுத்துக் கிழித்துப் போட்டார்.

"என் பொண்டாட்டிக்கு எவனோ அடிச்சுக் குடுக்கறதா?" என்றார்.

"எவனோ இல்ல. நான்" என்றார் பிள்ளை.

அதுதான் கடைசிப் பேச்சு. யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், இரண்டு பேர் மேலும் எனக்கு இரக்கமும் உண்டு, எரிச்சலும் உண்டு. எரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி.

இப்படியே காலம் ஓடியிருக்கும். நானும் பழகிவிட்டேன். ஆனால் வருகிற தை மாதம் என் மகள் ஸ்ரீமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வடலூர். அங்கே மணமேடையில் நான் இவர்களுக்கு நடுவில் ஓட முடியாது. தாரை வார்க்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று நீர் ஊற்ற வேண்டியவள் நான். அந்த நேரத்தில் "தாத்தாவ முன்னாடி வரச் சொல்லுங்க" என்று ஐயர் சொன்னால் யார் போய்க் கூப்பிடுவது? அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை வடலூர்க்காரர்கள் பார்க்க மாட்டார்களா? என் பெண் போய் வாழப் போகிற வீடு அது. முதல் நாளே அவளுக்கு அந்தத் தலைகுனிவு வேண்டாம் என்பதுதான் எனக்கு ராத்திரியும் பகலும் யோசனை.

இதற்கிடையில் ஆனி மாதம் மாமனாரின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஸ்ரீமதி மூன்றாம் வகுப்பு படித்தபோது வாங்கியது அது. புதுசு வாங்கலாம் என்றால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரும் பிரிண்டரும் அந்தப் பெட்டியோடுதான் ஒத்துப்போகும் என்றார். அது உண்மையும்கூட. நான் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். வழக்கப்படி பிள்ளை உள்ளே நுழைந்ததும் அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. அத மாட்டற எடமும் போர்டுல எரிஞ்சு கெடக்கு. அவர்கிட்ட சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

பையிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்தார். நான் டிஸ்க் என்றால் செங்கல் மாதிரி கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. அதை ஒரு சின்ன அட்டையில் பொருத்தி, போர்டில் காலியாக இருந்த இடத்தில் செருகினார். பிறகு ஒரு கறுப்புப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினார். மாமனார் கடைக்கென்று போன வருஷம் இவர்தான் ஒரு டப்பா பென் டிரைவ் என் மூலமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் ஒன்றுதான் இது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இந்த போர்டு பழசு. இந்தப் புது டிஸ்க் யாருன்னே இதுக்குத் தெரியாது. உள்ளயே உக்காந்திருந்தாலும் கண்டுக்காது. ஆனா பென் டிரைவத் தெரியும். அதுல ஒரு சின்ன புரோகிராம் போட்டிருக்கேன். சுவிட்ச் போட்டதும் போர்டு மொதல்ல பென் டிரைவ எழுப்பும். அது போயி புது டிஸ்க்க அடையாளம் காட்டும். அப்புறம் விண்டோஸ் அதுலேருந்து வரும்."

"அப்போ தெனமும் இது வேணுமா?"

"தெனமும் வேணும். ஒரு தடவ இல்லன்னாலும் வண்டி கெளம்பாது. அதனால புடுங்கவே கூடாது. அவர்கிட்ட சொல்லு."

வாசற்படியிலிருந்து செய்தித்தாளை இறக்காமலே, "புடுங்க மாட்டேன்னு சொல்லும்மா" என்றார் மாமனார்.

சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய பெட்டி, வாலிபம் திரும்பியது போல, மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திறந்துவிட்டது. அவர் வாய் திறந்து பாராட்டவில்லை. திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ரயிலில் திரும்பும்போது எனக்கு அந்தப் பென் டிரைவ் ஞாபகமாகவே இருந்தது. ஆய்வேடும் பத்திரிகையும் டிஸ்க்கில் இருக்கும். அடிக்கிற பெருமை மாமனாருக்கு, ரிப்பேர் பார்த்த பெருமை பிள்ளைக்கு. பின்பக்கத் தூசியில் உட்கார்ந்து தினமும் ஒன்றுக்கு இன்னொன்றை அடையாளம் காட்டுகிறதை யார் நினைக்கப் போகிறார்கள்?

"ஏங்க, நம்ம வூட்டுல அந்தப் பென் டிரைவ் நான்தாங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புதுச்சத்திரம் வந்துடுச்சு" என்றார்.

பேத்தியின் பத்திரிகையை வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். விஜயதசமி அன்று காலை நல்ல நேரத்தில் முதல் எழுத்தைப் போடுவதாக ஏற்பாடு. அதில் தாத்தா பெயரும் பாட்டி பெயரும் வர வேண்டும். பாட்டி பெயரை அவர் விரல் அடிக்குமா என்று எனக்குக் கவலை. கேட்கவும் பயம். என் வீட்டுக்காரரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நானும் வருகிறேன் என்று தானாகவே கிளம்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை பளிச்சென்று இருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்குக் கழுவிய தரையில் கோலம் இன்னும் கலையவில்லை. கம்ப்யூட்டர் பெட்டி, பிரிண்டர், மேசை விசிறி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாமந்திப் பூ குவிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், ஸ்கேல் இன்னும் என்னென்னவோ. மாமனார் வெள்ளை வேட்டியில் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கம்போல வாசற்படியோடு நின்றுவிட்டார்.

மாமனார் சூடம் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்தினார்.

கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்தது. பூட் ஆவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே வரி. மூன்றாம் தடவையும் அதே வரிதான்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். முகம் ஒரு நிமிஷத்தில் வாடிவிட்டது. "ஏம்மா, பேத்திக்கு மொத எழுத்து போடற நேரத்துல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அபசகுனம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர் நெஞ்சிலும் அதுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"ஏங்க, உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

அவர் வந்தார். மாமனார் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "நீங்க எங்க மாமா போறீங்க? நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரங்கூட இல்ல. உக்காருங்க" என்றேன். அந்தக் குரலை அவர் என்னிடம் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்த்தார். "பவானி, பென் டிரைவ் இருக்கு. ஆனா எடுக்க மாட்டேங்குது. யாராவது புடுங்கினாங்களான்னு கேளு."

"பூஜைக்கு எடுத்தேன்னு சொல்லும்மா. காலைல திரும்பச் செருகிட்டேன்னும் சொல்லு."

நான் பித்தளைத் தட்டைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கேலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கறுப்புப் பென் டிரைவ்கள். எல்லாம் ஒரே டப்பாவில் வந்தவை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சந்தனமும் குங்குமமும். எது எது என்று சரஸ்வதியே வந்தாலும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பவானி, அவர்கிட்ட கேளு. இதுல எத எடுத்து..."

"கேக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாலு வருஷமா அவர்கிட்ட சொல்லு, இவன்கிட்ட சொல்லுன்னு என்னை ஓட வுட்டது போதும். தையில எம்பொண்ணு மேடையில நிக்கும்போது நான் அவ பக்கத்துல நிப்பேனா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கினு இருப்பேனா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? கேக்கறதா இருந்தா நீங்களே கேளுங்க. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க. எனக்குக் கோயில்ல வேல இருக்கு."

கோயிலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனை வரைக்கும் போனேன். பூக்காரி என்ன வேணும் என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. கோபத்தில் என் வீட்டுக்காரர் பாட்டுக்குக் கிளம்பி ரயிலேறிவிட்டால்? மாமனார் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால்? பத்திரிகையை வேறு எங்காவது அடித்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு இது உடைந்தால் தைக்குள் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். நானே உடைத்துவிட்டேனோ என்று பயந்துபோய்த் திரும்பி வந்தேன்.

என் வீட்டுக்காரர் செருப்பு வாசலில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டேன்.

உள்ளே கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒரு தடவை கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கத்தியது. ஒவ்வொரு பென் டிரைவாகச் செருகிப் பார்க்கிறார் என்று புரிந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். மாமனார் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார், இவர் வாங்கிச் செருகினார். அதுகூட வாய் திறக்காமல்.

கடைசியில் மாமனாருக்குத்தான் பொறுமை போனது.

"ஏன்டா, எல்லாத்தையும் ஒரே கறுப்புலயாடா வாங்குவ?"

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நாலு வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை திட்டுதான். ஆனாலும் 'டா' போட்டுத் திட்டினார்.

பிள்ளை அடுத்ததை வாங்கிச் செருகினார். "டப்பாவா வந்துச்சு" என்றார் மெதுவாக. பிறகு கொஞ்சம் சூடாக, "நீங்க ஏன் அத புடுங்கினீங்க? புடுங்கவே கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எங்கிட்டயா சொன்ன? அவகிட்ட சொன்ன."

"உங்க காதுல வுழுந்துச்சுல்ல?"

"வுழுந்துச்சு. வுழுந்ததாலதான் எடுத்தேன்" என்றார் மாமனார். "அதுதான் தெனமும் எழுப்புதுன்னு நீதான சொன்ன? கத்தரிக்கோலுக்குப் பொட்டு வெச்சுட்டு, வேல செய்யறது அது, அதுக்கு வெக்காம வுடச் சொல்றியா? மொதப் பொட்டே அதுக்குத்தான்டா வெச்சேன்."

பிள்ளை செய்து வைத்த காரியத்துக்கு அப்பா முதல் பொட்டு வைத்திருக்கிறார். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொல்கிற விஷயமில்லை அது, நான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிற விஷயமும் இல்லை.

"மொதல்ல வெச்சீங்கன்னா அத எங்க வெச்சீங்க?" என்றார் என் வீட்டுக்காரர். "தட்டுலயா?"

"தட்டுல எங்க... தட்டு அப்புறந்தான் வந்துச்சு. மொதல்ல சரஸ்வதி காலாண்ட..." மாமனார் நிறுத்தினார். "அடடா. படத்துக்குக் கீழ வெச்சேன்டா. அதும் மேல பூஜைக்கு வந்தவங்க பூவக் கொட்டிட்டாங்க. காலைல நான் பாட்டுக்குத் தட்டுலேருந்து ஒன்ன எடுத்துச் செருகிட்டேன்."

பூவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. 'பீப்' என்று கத்தியது. பிறகு விண்டோஸ் திறக்கிற அந்த இசை.

"நவுரு, நான் அடிக்கணும்" என்றார் மாமனார். நாற்காலி இழுபட்டது. கீபோர்டு கட்டைகளின் சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக்கம். மழை போல விடாமல் விழும். பிள்ளையார் சுழி, முருகன் துணை, நாள், நட்சத்திரம் என்று வரிசையாக ஓடியது. திடீரென்று நின்றது.

எங்கே நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில் 'கோவிந்தசாமி' என்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. மாமனாரின் இரண்டு கையும் கீபோர்டுக்கு மேலே அப்படியே தொங்கின. நாலு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு அவர் பின்னால் யாரும் இல்லை.

எனக்கு ஓடிப் போக வேண்டும் போல இருந்தது. "மாமா, வுடுங்க, அப்புறம் அடிக்கலாம்" என்று சொல்லிவிடலாம். "ஏங்க, அப்பாவத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று இவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தேன். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டேன். பிறகு இறக்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இந்த டைப்ரைட்டர் கட்ட தெரியாதுப்பா. எந்த எழுத்து எங்க இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

மாமனார் கையை எடுத்துக்கொண்டார். கீபோர்டைப் பிள்ளை பக்கம் தள்ளினார்.

"முன்னாடி தெய்வத்திருன்னு போடணும்ல?" என்று கேட்டார் இவர்.

"வேணாம். பேரு மட்டும் போடு. பேத்தி கல்யாணத்துக்கு அவளுந்தான் கூப்புடறா."

"வடலூர்க்காரங்க எதுனா கேப்பாங்க."

"கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் சொல்லிக்கறேன்."

"சரிப்பா. 'அ' எங்க?"

"கீழ் வரிசைல, வலப் பக்கம். ம்... அதான். 'ம' அதுக்கு மேல. 'ர' இன்னும் ஒரு வரிசை மேல."

என் வீட்டுக்காரர் ஒற்றை விரலால் அடித்தார். தப்பாக ஒன்று விழுந்தது, அழித்தார். மாமனார் பிள்ளையின் விரலைப் பிடித்துச் சரியான கட்டையின் மேல் வைத்தார், எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார். என் மாமியாரின் பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் கன்னமும் ஈரமாக இருந்தது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். வெகுநேரம் என்னை யாரும் கூப்பிடவில்லை.